யாரும் எழுதாத ஆறு பைட்டுகள்

1992 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் யூஸ்னிக்ஸ் சங்கத்தின் குளிர்கால மாநாடு நடந்தது. யூனிக்ஸ் கணினிகளோடு மல்லுக்கட்டியவர்கள் ஆண்டுதோறும் கூடிய இடம் அது. அங்கே ரீட் ஹேஸ்டிங்ஸ், பாப் ஜாய்ஸ் என்ற இருவர் ‘பியூரிஃபை’ என்ற கருவியைப் பற்றிக் கட்டுரை அளித்தார்கள். சி நிரல் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டாலோ, யாரும் எதுவும் எழுதாத இடத்திலிருந்து படித்தாலோ அது காட்டிக்கொடுக்கும். பின்னாளில் நெட்ஃப்ளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இதே ஹேஸ்டிங்ஸ்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே மாநாடு சான் டியேகோவில் கூடியது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் அங்கே ‘பிஎஸ்டி பேக்கெட் ஃபில்டர்’ என்ற கட்டுரையை அளித்தார்கள். கம்பியில் ஓடும் பேக்கெட்டுகளில் வேண்டியதை மட்டும் கர்னலுக்குள்ளேயே பிரித்தெடுக்கும் வழி அதில் இருந்தது.

அன்று இந்த இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெமரி பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், பேக்கெட் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். பத்தாண்டுக்குப் பிறகு இரண்டும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டன. நிரல் கர்னலிடம் வேலை கேட்டுப் போகும் வாசல், அதாவது சிஸ்டம் கால்.

எனக்குச் சோறு போடுவது அந்த வாசல்தான். கோவை பீளமேட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் எழுதுகிறோம். பஞ்சாலைகளும் கல்லூரிகளும் வாங்குவார்கள். எல்லாம் சி மொழி, அடியில் பேக்கெட் பிடிக்கும் லிப்பிகேப் நூலகம். புதிதாகச் சேரும் பையனோ பெண்ணோ முதல் வாரத்திலேயே என் மேசைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அக்கா, வால்கிரிண்ட் திட்டுதுங்க. தப்பு நம்ம கோட்லயா, லிப்பிகேப்லயா?” இரண்டிலும் இல்லாமல் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க, இந்தப் பழங்கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

பியூரிஃபையின் வழி நேரானது. நிரலின் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பிட் கணக்கு வைத்துக்கொள்ளும். இந்த இடம் ஒதுக்கப்பட்டதா? ஒதுக்கப்பட்டதென்றால், யாராவது அதில் எழுதினார்களா? எழுதாத இடத்தைப் படித்த கணமே புகார் வரும். இதில் ஒரு தொல்லை இருந்தது. சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்சரை அப்படியே நகல் எடுக்கும்போது, புலங்களுக்கு நடுவே கம்பைலர் விட்ட வெற்றிடமும் சேர்ந்து நகலாகும். அந்த வெற்றிடத்தில் எவரும் எழுதியிருக்க மாட்டார்கள். நகல் எடுத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனாலும் புகார் எழும்.

2002இல் ஜூலியன் சூவர்ட் வால்கிரிண்டை வெளியிட்டார். 1996இலேயே பிசிப்2 என்ற சுருக்கும் நிரலை எழுதிப் பெயர் வாங்கியவர். வால்கிரிண்டின் 1.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. பியூரிஃபை காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள். வால்கிரிண்ட் இலவசம், மூல நிரலும் கையில். எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அதுவே பெரிய விஷயம். நிரலை மறுபடி கம்பைல் செய்யக்கூட வேண்டாம். இயந்திர மொழியை ஓடும்போதே பிரித்து, கணக்கு எழுதும் கட்டளைகளை நடுநடுவே செருகி, திரும்பக் கோத்து ஓட்டும். அதனால் நிரல் இருபது முப்பது மடங்கு மெதுவாகும். காலையில் ஓடவிட்டுவிட்டு டீ குடித்து வரலாம்.

அதன் மெம்செக் கருவி கணக்கை இன்னும் நுணுக்கியது. ஒவ்வொரு பைட்டுக்கும் அல்ல, ஒவ்வொரு பிட்டுக்கும் ‘இது செல்லும், செல்லாது’ என்று தனிக் குறிப்பு. செல்லாத மதிப்பை நகல் எடுத்தால் சும்மா இருக்கும், கூட்டிக் கழித்தாலும் சும்மா இருக்கும். செல்லாத தன்மை மட்டும் விடையோடு ஒட்டிக்கொண்டு போகும். அந்த மதிப்பால் நிரலின் போக்கு மாறும் இடத்தில்தான் வாய் திறக்கும். அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக மூன்று. அந்த மதிப்பை வைத்து ‘இப்படிப் போ, அப்படிப் போ’ என்று நிரல் முடிவெடுப்பது. அதையே முகவரியாக வைத்து மெமரியைத் தொடுவது. மூன்றாவது, அதைக் கர்னலிடம் கொடுப்பது.

மூன்றாவது இடத்துக்கு ஏன் இந்த முக்கியத்துவம்? வால்கிரிண்டுக்குக் கர்னலுக்குள் பார்வை கிடையாது. நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் பார்க்கும் அந்தக் கருவி, சிஸ்டம் கால் வந்ததும் வாசலோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரம் மாதிரி என்று புதியவர்களுக்குச் சொல்வேன். போகும்போது அதில் என்ன இருந்தது என்று தெரியும், திரும்பும்போது ஏதோ நிரம்பியிருக்கிறது, அந்த வீட்டு அடுப்படியில் நடந்தது மட்டும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் எழுதிவைக்க வேண்டும்: இந்தக் கால் இந்த முகவரியிலிருந்து இத்தனை பைட் படிக்கும், முடிந்ததும் அந்த முகவரியில் இத்தனை பைட் எழுதும். முன் பாதி, பின் பாதி என்று இரண்டு துண்டு. முன் பாதியில் ஒரு வரி விட்டுப்போனால் நிஜமான தவறு சத்தமில்லாமல் நழுவிவிடும். பின் பாதியில் விட்டுப்போனால் கர்னல் ஒழுங்காக நிரப்பிக்கொடுத்த மெமரியையும் ‘யாரும் எழுதாதது’ என்று நினைத்துக் கருவி ஓயாமல் புலம்பும்.

இனி பேக்கெட் பக்கத்துக்கு வருவோம்.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே ஒரு விபரீதம் நடந்தது. நானூறு கஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசல் எப்படி உண்டாகிறது, எப்படித் தணிப்பது என்று வான் ஜேக்கப்சன் அலசி 1988இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடம். அப்படி அலச, கம்பியில் ஓடும் பேக்கெட்டுகளைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதே ஆண்டுவாக்கில் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், மெக்கேன் மூவரும் அந்த ஆய்வகத்தில் எழுதியதுதான் டிசிபிடம்ப். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க் மக்கர் செய்தால் முதலில் தட்டுவது அதைத்தான்.

வரும் பேக்கெட் ஒவ்வொன்றையும் கர்னலிலிருந்து நிரலுக்கு நகல் எடுத்துத் தந்து, ‘இது வேண்டாம்’ என்று நிரல் தள்ளிவிடுவதென்றால் கணினி திணறும். வடிகட்டுவது கர்னலுக்குள்ளேயே நடக்கவேண்டும். இதற்கு முன்பே கார்னகி மெலனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஒரு பேக்கெட் ஃபில்டர் செய்திருந்தார்கள். மோகல், ரஷீத், அசெட்டா மூவரும் 1987இல் அதை விளக்கி எழுதினார்கள். அது அடுக்குமுறையில் கணக்குப் போடும் கற்பனை இயந்திரம். அடுக்கில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் மெமரியைத் தொடவேண்டும், புதிய செயலிகளில் அது மெதுவாக இருந்தது. மெக்கேனும் ஜேக்கப்சனும் அடுக்கைத் தூக்கிவிட்டு இரண்டே ரெஜிஸ்டர் வைத்தார்கள், ஏ என்றும் எக்ஸ் என்றும். தற்காலிகமாகக் குறித்துவைக்கப் பதினாறு கட்டங்கள். தாவுவதென்றால் முன்னோக்கி மட்டும். பின்னால் தாவ முடியாததால் சுழற்சியே இல்லை, எந்த வடிகட்டியும் முடிந்தே தீரும். பழைய வடிகட்டியைவிட இருபது மடங்கு வரை வேகம் என்றும், சன் நிறுவனத்தின் ‘நிட்’ ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் நூறு மடங்கு வரை என்றும் கட்டுரையில் கணக்குக் கொடுத்தார்கள்.

டிசிபிடம்ப்பிடம் மைனஸ் டி கொடுத்து ‘ஐபி’ என்று மட்டும் கேட்டால், ஈதர்நெட்டில் நான்கே வரி வரும். பன்னிரண்டாவது பைட்டிலிருந்து இரண்டு பைட் எடு. அது பதினாறடிமானத்தில் 800ஆ என்று பார். ஆமெனில் பேக்கெட்டைக் கொடு. இல்லையெனில் சுழியம் திருப்பு. வரிக்கு எட்டு பைட், மொத்தம் முப்பத்திரண்டு பைட்டில் ஒரு முழு நிரல். இதைப் புதியவர்களுக்குத் திரையில் காட்டும்போது முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கர்னலுக்குள் நாம் எழுதிய ஒரு குட்டி நிரல் ஓடுகிறது என்பது சாதாரணமா?

மெமரிக் கருவிகளுக்குத் தலைவலி தொடங்கியதும் இங்கேதான். அதுவரை சிஸ்டம் கால் என்றால் பெரும்பாலும் ‘இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்’ என்ற எளிய பேரம். பேக்கெட் ஃபில்டரில் கொடுப்பது ஒரு நிரலை. அதுவும் நேராகக் கொடுப்பதில்லை. நிரலின் நீளமும் அது இருக்கும் முகவரியும் அடங்கிய சின்ன ஸ்ட்ரக்சர் ஒன்றைக் கொடுக்கிறோம். கர்னல் முதலில் அதைப் படிக்கும், பிறகு அதில் கண்ட முகவரிக்குப் போய் நிரலைப் படிக்கும். இரண்டு தாவல்.

பிஎஸ்டி கணினிகளில் இந்த வேலை ஐஆக்டில் என்ற சிஸ்டம் கால் வழியாக நடக்கும். ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே தரவு எந்தத் திசையில் போகிறது, எத்தனை பைட் என்பதைப் பொதிந்துவைக்கும் வழக்கம் உண்டு. தெரியாத ஐஆக்டில் வந்தாலும் கருவி அந்த எண்ணைப் பிரித்து ஒப்பேற்றலாம். ஆனால் அந்த எண் சொல்வது வெளி ஸ்ட்ரக்சரின் அளவை மட்டும். உள்ளே ஒரு முகவரி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்று எண் சொல்லாது.

லினக்ஸில் 1997இல், 2.1.75 கர்னலில், இந்த வடிகட்டி சாக்கெட்டோடு ஒட்டப்பட்டது. செட்சாக்ஆப்ட் என்ற கால். அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்சரில் முதல் இரண்டு பைட் நீளம், கடைசி எட்டு பைட் முகவரி. 64 பிட் கணினியில் முகவரி எட்டின் மடங்கான இடத்தில்தான் உட்காரும். ஆகவே நடுவில் ஆறு பைட் வெற்றிடம். நிரலர் நீளத்தை எழுதுகிறார், முகவரியை எழுதுகிறார், அந்த ஆறில் எழுத எந்தப் புலமும் இல்லை. வால்கிரிண்டின் பொதுவான செட்சாக்ஆப்ட் குறிப்போ ‘கொடுத்த பதினாறு பைட்டையும் கர்னல் படிக்கும்’ என்று நினைத்துக்கொள்கிறது. விளைவு, ‘செட்சாக்ஆப்ட்டுக்குக் கொடுத்த இடத்தில் மதிப்பு இடப்படாத பைட்’ என்ற புகார்.

தொடக்கத்தில் மூன்றாவதாக ஓர் இடம் என்று நான் சொன்னது இதைத்தான். எங்கள் கோடில் தவறில்லை. நூலகத்திலும் தவறில்லை. அந்த ஆறு பைட்டை வைத்துக் கர்னல் எந்த முடிவும் எடுப்பதில்லை. வாசலில் நின்றவருக்கு அது தெரியாது, அவ்வளவே. இதற்கு மூன்று வைத்தியம் உண்டு. ஸ்ட்ரக்சர் முழுவதையும் முதலில் மெம்செட் போட்டுச் சுழியமாக்குவது. ‘இந்தப் புகாரைக் காட்டாதே’ என்று விலக்குக் கோப்பில் எழுதுவது. அல்லது கருவிக்கே கற்றுக்கொடுப்பது. மூன்றாவது வைத்தியமும் நடந்தது. வால்கிரிண்டில், வடிகட்டியை ஒட்டும் இந்த ஒரு செட்சாக்ஆப்ட் விருப்பத்துக்கென்றே தனிக் குறிப்பு எழுதினார்கள். நீளப் புலத்தைத் தனியே பார், முகவரிப் புலத்தைத் தனியே பார், பிறகு அந்த முகவரிக்குப் போய் நீளம் பெருக்கல் எட்டு பைட்டைப் பார். வெற்றிடத்தை விட்டுவிடு. இப்போது புகாரும் போயிற்று, உள்ளே இருக்கும் நிரலில் எழுதப்படாத வரி இருந்தால் அகப்பட்டும் விடும்.

விலக்குக் கோப்பு எங்கள் அலுவலகத்திலும் உண்டு. ஆனால் அதில் ஒரு வரி சேர்ப்பதற்கு முன் டெபியன் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். 2006இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் மீது வால்கிரிண்ட் புகார் சொன்னது. யாரும் எழுதாத மெமரியை அது தற்செயல் எண் உருவாக்கக் கலந்துகொண்டிருந்தது. ஒன்றுபோலவே தோன்றும் வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை நீக்கினால் பெரிய பாதகமில்லை. மற்றதுதான் எல்லாத் தற்செயல் சரக்கும் உள்ளே வரும் வழி. புகாரை நிறுத்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். புகார் நின்றது. கூடவே தற்செயலும் நின்றது. மிச்சமிருந்தது ஓடும் நிரலின் எண் மட்டும், அதில் இருக்கக்கூடிய மதிப்புகள் 32,768. 2008 மே 13 அன்று விஷயம் வெளியானபோது, அதுவரை ஒன்றரை ஆண்டுக்கு மேலாக டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவாக்கிய சாவிகளை உலகம் முழுக்கத் தூக்கிப்போட்டு மாற்றவேண்டி வந்தது. கருவியின் புகார் சாட்சி வாக்குமூலம் மாதிரி, தீர்ப்பை நாம்தான் எழுதவேண்டும்.

இந்தக் கதையின் மறுபக்கம் 2010இல் தெரிந்தது. எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இது.

பிபிஎஃப், அதாவது பிஎஸ்டி பேக்கெட் ஃபில்டர், இயந்திரத்தின் பதினாறு கட்டங்களைச் சொன்னேன் அல்லவா? கட்டத்துக்கு நான்கு பைட், மொத்தம் அறுபத்து நான்கு. லினக்ஸ் கர்னல் அவற்றைத் தன் ஸ்டாக்கில் வைத்திருந்தது, சுழியமாக்கவில்லை. ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் சுழியமாக்கிக்கொண்டிருந்தால் நேரம் வீண் என்று எண்ணினார்களோ என்னவோ. ஒரு வடிகட்டி தான் எழுதாத கட்டத்தைப் படித்தால், கர்னல் ஸ்டாக்கில் முன்பு கிடந்தது கிடைக்கும். வடிகட்டி தரும் விடையை வைத்தே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியவிடலாம். சாதாரணப் பயனர் ஒருவர் தன் சாக்கெட்டில் வடிகட்டியை ஒட்டிவிட்டுக் கர்னலின் உள்ளே எட்டிப்பார்க்கலாம் என்று ஆயிற்று. பாதுகாப்புக் குறைகளின் சிவிஇ பட்டியலில் 2010-4158 என்ற எண்ணில் பதிவானது இது.

இதை வால்கிரிண்டால் பிடித்திருக்க முடியாது. நிரல் கொடுத்த வடிகட்டியின் ஒவ்வொரு பைட்டும் ஒழுங்காக எழுதப்பட்டதுதான். எழுதப்படாத மெமரி வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டேவிட் மில்லர் செய்த முதல் திருத்தம்தான் அழகு. பதினாறு கட்டத்துக்கும் பதினாறு பிட் கொண்ட ஒரு கணக்கு வைத்தார். கட்டத்தில் எழுதினால் அதன் பிட்டை ஏற்று. படிக்கும்போது பிட் ஏறியிருந்தால் உள்ளதைக் கொடு, இல்லையென்றால் சுழியத்தைக் கொடு. அதாவது, மெம்செக் வெளியே செய்துகொண்டிருந்த அதே வேலை, ஒரு சின்ன அளவில், கர்னலுக்குள்ளேயே. ஆனால் ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் இந்தக் கணக்கா என்ற கேள்வி உடனே வந்தது. எரிக் டூமாசே அதை மாற்றினார். வடிகட்டியை ஒட்டும்போதே ஒருமுறை எல்லா வழிகளையும் பார்த்துவிடு. எழுதாத கட்டத்தைப் படிக்கும் வழி ஒன்று இருந்தாலும் வடிகட்டியை ஏற்காதே. தாவல் முன்னோக்கி மட்டும் என்று 1993இல் வைத்த விதி இங்கே கைகொடுத்தது. சுழற்சி இல்லாததால் ஒரே முறை மேலிருந்து கீழே போனால் எல்லா வழியும் பார்த்தாகிவிடும்.

ஓடும்போது பார்ப்பதா, ஓடும் முன் பார்ப்பதா என்ற அந்தத் தேர்வு அடுத்த கட்டத்தில் பூதாகரமாக வளர்ந்தது. அலெக்ஸி ஸ்டாரோவோய்டோவ் பழைய இயந்திரத்தைப் பெரிதாக்கி, பதினோரு ரெஜிஸ்டர், 64 பிட், 512 பைட் ஸ்டாக் என்று இபிபிஎஃப் ஆக மாற்றியமைத்தார். 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18இல் அதற்கென்றே பிபிஎஃப் என்ற தனி சிஸ்டம் கால் பிறந்தது. அதில் வெரிஃபையர் என்ற பகுதி நிரலை ஓடும் முன் அலசுகிறது. எழுதாத ரெஜிஸ்டரைப் படித்தால் உள்ளே விடாது.

வால்கிரிண்டின் நிலைமை என்ன? குறிப்பு எழுதப்படாத சிஸ்டம் கால் வந்தால் ‘எனக்கு இது தெரியாது’ என்று எண்ணோடு எச்சரித்துவிட்டு, அப்படி ஒரு கால் கர்னலில் இல்லை என்ற பிழையை நிரலிடம் திருப்பிவிடும். 64 பிட் இன்டெல் கணினியில் பிபிஎஃப் காலின் எண் 321. அதற்குக் குறிப்பு எழுதப்படும்வரை, வால்கிரிண்டுக்குக் கீழே ஓடிய நிரலுக்கு அந்த வசதியே இல்லாத பழைய கர்னலில் ஓடுவதாகத் தோன்றியது. வாடிக்கையாளர் இடத்தில் ஓடும் வழி ஒன்று, எங்கள் சோதனையில் ஓடும் வழி வேறொன்று.

குறிப்பு எழுத உட்கார்ந்தவருக்கு என்ன காத்திருந்தது என்று பாருங்கள். கால் ஒன்றுதான், ஆனால் அதற்குள் கட்டளைகள் பல. தொடக்கத்தில் ஆறு, இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் கொடுப்பது ஒரே யூனியன்தான். கட்டளைக்குத் தக்கபடி புலங்களின் பொருள் மாறும். அந்தக் கட்டளைக்கு வேண்டாத பைட்டுகள் சுழியமாக இருக்கவேண்டும் என்று கர்னல் கறாராகச் சரிபார்க்கும், இல்லாவிட்டால் பிழை. செட்சாக்ஆப்ட்டில் யாரும் சீண்டாத ஆறு பைட், இங்கே நிஜமாகவே படித்து முடிவெடுக்கப்படும் பைட். அங்கே வீண் புகாராக இருந்தது இங்கே நியாயமான புகார். அதனால்தான் எங்கள் கோடில் மெம்செட்டை எங்கும் விடாதே என்கிறேன்.

இதைவிடச் சிக்கல் மேப்புகள். இபிபிஎஃப் நிரலும் வெளியே உள்ள நிரலும் தகவல் பரிமாற வைத்திருக்கும் அட்டவணை மேப். அதில் ஒன்றைத் தேட, மேப்பின் எண், தேடும் சாவி இருக்கும் முகவரி, விடை வேண்டிய முகவரி மூன்றையும் கொடுக்கிறோம். சாவி எத்தனை பைட், விடை எத்தனை பைட் என்று காலில் எங்குமே இல்லை. மேப்பை உருவாக்கும்போது சொன்னதோடு சரி. அதை உருவாக்கியது வேறொரு நிரலாகக்கூட இருக்கலாம். எத்தனை பைட் பார்க்கவேண்டும் என்றே தெரியாமல் எப்படிக் காவல் காப்பது?

வால்கிரிண்டின் விடை எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒருங்கே தந்தது. லினக்ஸில் ப்ராக் அடைவின் கீழ், திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பு எண்ணுக்கும் எஃப்டிஇன்ஃபோ என்ற உரை உண்டு. மேப்பாக இருந்தால் அதில் சாவியின் அளவும் விடையின் அளவும் எழுதியிருக்கும். வால்கிரிண்ட் ஒவ்வொரு முறையும் அந்த உரையைத் திறந்து, எழுத்துகளாகப் படித்து, எண்ணாக மாற்றி, பிறகு அத்தனை பைட்டைச் சரிபார்க்கிறது. அதிலும் செயலிக்கொன்றாகப் பிரித்துவைக்கும் மேப் இருக்கிறது. அங்கே விடையின் அளவை எட்டின் மடங்காக உயர்த்தி, கணினியில் இருக்கக்கூடிய செயலிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் கர்னல் எழுதும் மொத்த அளவு வரும். இந்தப் பெருக்கலை மறந்து சிறிய இடத்தை ஒதுக்கிய நிரலின் மெமரியைக் கர்னல் ஒரு பிழையும் சொல்லாமல் மிதித்துவிட்டுப் போகும்.

இவ்வளவையும் கையால் எழுதியவர் சரியாக எழுதினாரா என்று பார்ப்பது எப்படி? இங்கே வால்கிரிண்ட்காரர்களின் பழைய சோதனை நிரல் ஒன்றைக் காட்டுவேன். ஸ்கேலர் என்று பெயர். 32 பிட் இன்டெல் லினக்ஸின் சிஸ்டம் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக, வேண்டுமென்றே எழுதப்படாத எண்களைக் கொடுத்து அழைக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறிப்பு. எழுதும் காலுக்கு ‘மூன்று எண், ஒரு மெமரி’. அதாவது, மூன்று மதிப்புகளும் எழுதப்படாதவை என்று மூன்று புகார், கொடுத்த முகவரி செல்லாது என்று ஒரு புகார் வந்தாகவேண்டும். வரவேண்டிய புகார்கள் பக்கத்தில் இன்னொரு கோப்பில் வரிசையாக இருக்கும். வந்ததும் வரவேண்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் தேர்ச்சி. நிரலை முடித்துவிடும் காலை மட்டும் வரிசைப்படி முதலில் அழைக்க முடியாது, அது கடைசியில் நிற்கிறது.

பிபிஎஃப் காலுக்கான சோதனையும் அதே குலம்தான். இதில் ஒரு சௌகரியம் உண்டு. முன் பாதி கர்னலுக்குப் போவதற்கு முன்பே ஓடிவிடும். ஆகவே கால் தோற்றாலும் புகார் வரும். அனுமதி இல்லாத சாதாரணப் பயனராகவே இந்தச் சோதனையை ஓட்டலாம். ஆனால் பின் பாதி, கால் வெற்றி பெற்றால் மட்டுமே ஓடும். அதற்குப் பெரும்பாலும் ரூட் வேண்டும், அல்லது 2020இல் வந்த 5.8 கர்னலிலிருந்து அதற்கென்று உள்ள தனி அனுமதி வேண்டும். ஆகவே ரூட்டில் ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் ஓட்டிப் பார்க்காத பிபிஎஃப் சோதனையை நான் பாதிச் சோதனை என்றே எண்ணுவேன். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பாதி அதுதான்.

கம்பைலரோடு வரும் புதிய கருவிகள் இந்தச் சுமையிலிருந்து தப்பவில்லை. க்ளாங்கின் மெமரிசானிடைசர் வால்கிரிண்டைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அதுவும் கர்னல் வாசலில் நிற்பதுதான். சி நூலகத்தின் வழக்கமான அழைப்புகளுக்கு அதனிடம் குறிப்பு உண்டு, நேரடியாக சிஸ்டம் காலை அழைத்தால் ‘இந்த இடத்தைக் கர்னல் நிரப்பிவிட்டது’ என்று நாமே அதனிடம் சொல்லவேண்டும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல் கேஎம்சான் சேர்ந்தபிறகு வாசலின் உள்பக்கத்திலும் ஒரு காவல் வந்தது. எழுதப்படாத மெமரி கர்னலிலிருந்து பயனர் பக்கம் போனால் அது பிடிக்கும். 2010இல் கசிந்தது போன்ற கசிவுகளைத் தேடத்தான் அது. இன்று இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறார்கள், ஆனால் ஒருவர் கணக்கை மற்றவர் படிப்பதில்லை. கர்னலுக்குள் எதைச் செல்லாது என்று குறித்தார்கள் என்பது வால்கிரிண்டுக்குத் தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிய பிபிஎஃப் கட்டளை ஒன்றை எங்கள் மென்பொருளில் சேர்க்கவேண்டுமானால், அதைச் சரியாகப் பயன்படுத்தும் நிரலைப் பிறகு எழுதலாம். முதலில், சாவியில் ஒரு பைட்டை எழுதாமல் விட்ட நிரல் ஒன்று, விடைக்கு ஒரு பைட் குறைவாக ஒதுக்கிய நிரல் ஒன்று, இரண்டையும் எழுதி வால்கிரிண்டுக்குக் கீழே ஓட்டவேண்டும். இரண்டுக்கும் புகார் வந்தால் கருவிக்கு அந்தக் கட்டளை தெரியும். வராவிட்டால் அன்றிலிருந்து அந்தக் கட்டளையைப் பொறுத்தவரை கருவியின் மௌனத்துக்கு மதிப்பில்லை, கண்ணால் படித்துத்தான் ஆகவேண்டும் என்று கோடின் தலைப்பிலேயே எழுதிவிடுவோம். சேர்ந்து சில மாதமே ஆன பெண் ஒருத்தி சமீபத்தில் கேட்டாள்: “அக்கா, சரியா ஓடறதை வெச்சுச் சோதிச்சாப் போதாதுங்களா?” சரியான நிரலை ஓட்டும்போது கருவி சும்மா இருந்தால், தவறு இல்லாததால் சும்மா இருக்கிறதா, பார்க்கத் தெரியாததால் சும்மா இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை என்றேன். அவள் எழுதிய தப்பான நிரல்கள் இரண்டும் இப்போது எங்கள் சோதனைத் தொகுப்பில் இருக்கின்றன. ஒன்றுக்குப் புகார் வருகிறது. இன்னொன்றுக்கு வரவில்லை, அதற்கான குறிப்பை வால்கிரிண்டுக்கு எழுத அவளையே உட்காரவைத்திருக்கிறேன்.